பச்சைப் பெட்டிப் படம்

அந்த போன் அக்காவின் விரலுக்கு மசியவில்லை.

தம்பி ரீலுவின் மகள், வெளியூரில் வேலை பார்ப்பவள், அத்தைக்கென்று வாங்கி அனுப்பியது. மகள் சொல்லிக் கொடுத்தபடி அக்கா ஆள்காட்டி விரலால் அழுத்தினாள், தேய்த்தாள், கடைசியில் கதவைத் தட்டுவது போலத் தட்டியும் பார்த்தாள். அது கல்லுளிமங்கனாகக் கிடந்தது. ரீலுவின் மனைவி தொட்டால் திறந்தது. அவள் ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தபோதுகூடத் திறந்தது.

"தண்ணிக்கு இருக்கிற மரியாத எனக்கில்ல பாத்தியா," என்றாள் அக்கா. "செத்த விரலுடா. பொணம் தொட்டா எப்படித் தொறக்கும்?"

மனைவி சிரித்தாள். ரீலு சிரிக்கவில்லை. அந்தப் பத்து விரல் நுனிகளும் ஐஸ் கம்பெனியில் செத்தவை. முப்பத்திரண்டு வருஷம் உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் ஊறியதில் அவற்றுக்குச் சூடு தெரியாது, முள் தெரியாது. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவாள். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் கையை உதறுவாள். அந்த விரல்களில் தன் பங்குக்குச் செத்தது எத்தனை என்று ரீலுவுக்குத் தெரியும்.

ஆகவே போனைத் தொட்டுக் கொடுக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கையைத் துடைத்ததுமே அக்கா போனை நீட்டுவாள். அவள் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: பழைய படங்கள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவள் உயிராகக் கொண்டாடிய படங்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

பார்க்காமல் கொண்டாடியது எப்படி என்றால், அது அந்தக் கம்பெனி வேலையின் லட்சணம். அங்கே மேஸ்திரி ஆளை எண்ண மாட்டார், டப்பாவை எண்ணுவார். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கி வைத்த தகர டப்பாக்களில் நல்ல தண்ணீர் உறைந்து கட்டியானதும், இரண்டு பக்கமும் கொக்கி போட்டுத் தூக்கி, பக்கத்துத் தொட்டியில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆளுக்கு நாற்பது டப்பா. அப்பாவின் முதுகு விட்டுப்போய் அவர் படுத்த படுக்கையானதும் அவர் இடத்தில் அக்காவும் தம்பியும் சேர்ந்தார்கள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அக்காவுக்குப் பதினேழு, இவனுக்குப் பதின்மூன்று.

ஊரில் இருந்த ஒரே தியேட்டரில் படம் மாறுவது திங்கட்கிழமை. அன்று மத்தியான ஆட்டத்துக்கு இவன் கம்பி நீட்டிவிடுவான். இவன் நாற்பதையும் சேர்த்து அக்கா எண்பது டப்பா தூக்குவாள். எண்பது தூக்கிய கை சாயங்காலம் சீப்பைப் பிடிக்காது. பதிலுக்கு இவன் படத்தை ஒரு சீன் விடாமல் அவளுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு அக்காவுடையதுதான். பெண் பிள்ளை தியேட்டருக்குப் போவதை அப்பா ஒப்பமாட்டார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொட்டியை விட்டுப் போகவும் வழியில்லை. ஒருத்தர் பார்த்தால் போதும், வாய் எதுக்கு இருக்கிறது என்றாள்.

செவ்வாயில் ஆரம்பித்துச் சனி வரை கதை ஓடும். தூக்கும்போது வசனம், முக்கும்போது பாட்டு, கவிழ்க்கும்போது சண்டை. மற்ற ஆட்களும் காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். தியேட்டர் வாசலை மிதிக்காதவர்கள்கூடக் கதாநாயகனின் மூக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ரீல் ரீலாகச் சொல்கிறானே என்று மேஸ்திரிதான் இவனுக்கு ரீலு என்று பெயர் வைத்தார். ரீல் விடுகிறான் என்றும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். அப்பா வைத்த பெயர் இன்றைக்கு டிரைவிங் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது.

மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து தியேட்டருக்குள் ஒதுங்கினார்கள். ரீலு சூட்டுக்காகப் போனான். பெஞ்சு வரிசை, முந்நூறு உடம்புகளின் வெக்கை, பீடிப் புகை, முதுகில் ஒட்டும் சட்டை. விளக்கு அணைந்து திரையில் எழுத்து ஓடத் தொடங்கும்போது அவன் விரல்களுக்கு ஒவ்வொன்றாக உயிர் வரும், ஊசி குத்துகிற மாதிரி. வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியை அக்காவுக்கென்று கால்சட்டைப் பையில் திணித்து வைப்பான். அதற்குப் பிறகு எத்தனையோ சந்தோஷம் வந்து போனது. கல்யாணம் வந்தது, மகள் வந்தாள், சொந்த லாரி வந்தது. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு ஈடாக ஒன்றும் நின்றதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது, அக்கா இப்போது எத்தனையாவது டப்பாவில் இருப்பாள் என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றியதில்லை. அதெல்லாம் தலை நரைத்த பிறகு தோன்ற ஆரம்பித்தது.

போன் வந்த முதல் வாரம் மூன்று படம் பார்த்தார்கள். அக்கா ஒவ்வொரு சீனுக்கும் இவனைக் குறுக்கு விசாரணை செய்தாள். இவன் சொன்ன கதையில் கல்யாணக் காட்சியில் மழை கொட்டியது. போனில் வெயில் காய்ந்தது. இவன் கதையில் வில்லன் கிணற்றில் விழுந்து செத்தான், பிறகு எழுந்து வந்து ரயிலில் அடிபட்டு மறுபடியும் செத்தான். போனில் ஒரு போலீஸ்காரர் வந்து விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனதோடு சரி.

"ரெண்டு தடவ கொன்னியேடா பாவி. இங்க ஒரு தடவகூடச் சாகலயே இவன்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கோபமே இல்லை. இவன் சொன்னதே தேவலை என்றாள். இவ்வளவு பெரிய படம் எடுத்தவனுக்கு ஒரு மழை பெய்ய வைக்கத் தெரியவில்லையே என்று படம் எடுத்தவனைத்தான் திட்டினாள். ரீலுவும் கூடவே சிரித்தான். ஆனால் அடுத்து எந்தப் படத்தைக் கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

கேட்டாள். "அந்தப் பச்சப் பெட்டிப் படத்தப் போடுடா."

அது ரொம்பப் பழசு, கிடைக்காது என்றான். மறுநாள், பாட்டு மட்டும்தான் இருக்கிறது என்றான். அதற்கடுத்த நாள் சிக்னல் இல்லை. பிறகு லாரியில் பிரேக் வேலை. இப்படிப் பதினோரு நாள் கடத்தினான். இவ்வளவு பெரிய லாரியைச் சந்துக்குள் திருப்பத் தெரிந்தவனுக்கு ஒரு படத்தைத் தேடத் தெரியவில்லையா என்று மனைவி இடித்தாள். அக்கா இடிக்கவில்லை. மகள் பேசும்போது கதையை அவளிடம் சொல்லிக் கேட்டுவிட்டாள். மகள் அரை மணி நேரத்தில் தேடிப் பிடித்து அனுப்பிவிட்டாள்.

படத்துக்குச் சொந்தப் பெயர் வேறு. கம்பெனியில் யாரும் அதைச் சொன்னதில்லை. அக்கா வைத்த பெயர்தான் நிலைத்தது. ஆற்றங்கரையில் ஒரு வீடு. தாயில்லாமல் தம்பியை வளர்க்கும் பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைக்கிறது. பச்சை டிரங்குப் பெட்டியில் நாலு துணியை மடித்து வைத்துக்கொண்டு படகுத் துறைக்குப் போகிறாள்.

அந்தப் படம் ஓடிய வாரம் பார்த்து அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். ஐஸ் எடுக்க வரும் ஆஸ்பத்திரி வேன் டிரைவர் சொல்லி, கம்பெனி குமாஸ்தா எழுதிக் கொடுத்து, இரண்டு மாதம் முன்பு அவள் போட்ட விண்ணப்பம். வருகிற திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை கடிதத்தைக் காட்டினாள். வியாழக்கிழமை சாக்குத் துணியில் ஒரு பை தைத்து ஆணியில் மாட்டினாள். அப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை, பெட்டியோடு அந்தப் பெண் படகுத் துறைக்கு இறங்கும் இடத்தில் கதை நின்றது.

"போனாளாடா?" என்று கேட்டாள் அக்கா. கொக்கி மாட்டிய டப்பா பாதி தூக்கியபடி நின்றது.

நாளைக்கு என்றான் ரீலு.

படத்தில் அவள் போய்விடுவாள். படகில் உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்து, காற்று முகத்தில் அடிக்க ஒரு சிரிப்பு சிரிப்பாள். அதோடு தியேட்டரில் விளக்குப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ரீலுவும் தட்டினான்.

சனிக்கிழமை அவன் நின்ற பக்கம் அமோனியாக் குழாயின் மூட்டில் கசிவு. ஐஸ் கம்பெனியில் அது சகஜம். தொட்டியைக் குளிர வைக்கிற அந்த வாயு துளி கசிந்தாலும் கண்ணைப் பிடுங்கிக் கையில் கொடுக்கும். மெக்கானிக் வந்து இறுக்கும் வரை முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். பேச வேண்டும் என்பதற்காக ரீலு துணியை அவிழ்த்துக் கழுத்தில் விட்டுக்கொண்டு முடிவைச் சொன்னான். படகு கிளம்புகிறது. கரையில் தம்பி ஓடி வருகிறான். போகாதே அக்கா, போகாதே அக்கா என்று கத்துகிறான். விழுகிறான், எழுகிறான், மறுபடியும் விழுகிறான். அவள் பெட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குதிக்கிறாள். நீந்திக் கரைக்கு வந்து தம்பியைக் கட்டிக்கொள்கிறாள். பச்சைப் பெட்டி ஆற்றோடு போகிறது. சுபம்.

படத்தில் தம்பி கரைக்கே வருவதில்லை.

அக்கா கேட்டுவிட்டு மிச்சமிருந்த டப்பாக்களைத் தூக்கி முடித்தாள். திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதும்போது கொக்கியோடு தொட்டியருகே நின்றாள். சாக்குப் பை அடுப்படியில் கரித்துணியானது. அன்று புதுப் படம். மத்தியானம் ரீலு போனான்.

அந்தக் கடைசி விஷயம்தான் அவனைத் தின்றது. அப்பாவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினைந்து வயதுப் பையன், தனியாக விட்டுவிடுவாளோ என்று பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நாற்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டான். உண்மை அதைவிடச் சின்னது, அதைவிடக் கேவலமானது. அக்கா போய்விட்டால் திங்கட்கிழமை மத்தியானம் அவன் டப்பாவை யார் தூக்குவார்கள்? அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்ன செய்தான்? இருபது வயதில் லாரிக்குக் கிளீனராக ஓடிவிட்டான். அவன் கிளம்பியபோது யாரும் கரையில் ஓடி வரவில்லை. அப்பா கண்ணை மூடும் வரை அக்காதான் பார்த்தாள். கம்பெனியை மூடும் வரை டப்பா தூக்கினாள். அவளைக் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே போனார்கள். கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்து அவன் மகளை வளர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி தையல் கம்பெனிக்கு ஓவர்டைம் போயிருந்தாள். அக்கா தரையில் பாயைப் போட்டு, தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரியிருந்தாள். ரீலு பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டிய பொய்யை லாரி ஓட்டும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் முடிவை மாற்றிப் போடுவார்கள், நான் பார்த்தது வேறு. யாருக்கும் சந்தேகம் வராது. அவன் தொழிலில் தேர்ந்தவன்.

"போடு," என்றாள்.

தொட்டான். படம் ஓடியது.

அக்கா வழக்கமான குறுக்கு விசாரணையை இன்று வைக்கவில்லை. கதாநாயகி வந்ததும், இவ்வளவு ஒல்லியாகவா இருப்பாள் என்று ஒரு தடவை வருத்தப்பட்டாள். ஆறு வந்தபோது, நீ சொன்ன ஆறேதான் என்றாள். அதில் ரீலுவுக்கு அல்ப சந்தோஷம் ஒன்று வந்து, உடனே செத்தது. பெட்டியில் துணி மடிக்கும் காட்சி வந்தபோது அக்கா சுவரை விட்டு முன்னால் நகர்ந்தாள். பெட்டியின் பச்சை, போன் திரையில் வெளிறிப் போயிருந்தது.

படகு கிளம்பியது.

"இப்ப வருவான் பாரு," என்றாள் அக்கா.

திரையில் ஆறு. துடுப்பு. பெண்ணின் முகம்.

"கரையக் காட்டாம என்னத்தக் காட்டுறான் இவன்? இப்ப வருவான்."

காற்று அடித்தது. அந்தப் பெண் சிரித்தாள். பாட்டுச் சத்தம் ஏறி, எழுத்து வந்து, படம் முடிந்தது. போன் உடனே ஏதோ சோப்பு விளம்பரத்தைப் போட்டது. ரீலு அதை அணைத்தான்.

"தம்பி எங்கடா?" என்று கேட்டாள்.

ஒத்திகை பார்த்த பொய் நாக்கில் தயாராக இருந்தது. அவள் ஆள்காட்டி விரல் போனின் மேல் இருந்தது. கடைசிக் காட்சியைத் தானே திருப்பிப் பார்க்க நினைத்து, அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கவில்லை.

"அவன் வரமாட்டான் அக்கா," என்றான். "படத்துல அவன் வரவே மாட்டான். அவ போயிடுவா. நான்தான் அவன வர வெச்சேன்."

அக்கா விரலை எடுத்தாள். "எதுக்கு?"

"நீ போயிடக் கூடாதுன்னு."

தெருவில் ஒரு சைக்கிள் மணி போயிற்று. அக்கா செம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். செம்பால் தலையில் ஒன்று போட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்," என்றாள். "டீச்சர் வேலைக்குப் போறவ, பெட்டிய எதுக்குத் தண்ணில போடுறா? கரையில வெச்சுட்டு எறங்குனா ஆகாதா? சரி, சினிமாக்காரனுக்கு ஏது புத்தின்னு விட்டுட்டேன்."

ரீலு நிமிரவில்லை.

"ஒரு சினிமாவுக்காகவா நின்னேன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருக்க? போடா. நான் அன்னிக்குக் கதையவா கேட்டேன்? உன் மூஞ்சியப் பாத்தேன். பொல பொலன்னு கண்ணுல தண்ணி. மூக்கு ஒழுகுது, தொடைக்கக்கூட இல்ல, போகாத அக்கா போகாத அக்கான்னு சொல்லிட்டே இருக்க. இந்தப் பய வாய்விட்டுச் சொல்ல வெக்கப்பட்டுட்டுக் கதையில வெச்சு அழுவுறான்னு நெனச்சேன். அதப் பாத்துட்டு எப்படிடா போறது?"

அமோனியா, என்று ரீலுவின் வாய் வரை வந்தது.

அன்றைக்கு அந்தப் பக்கம் நின்ற எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மேஸ்திரிக்கும் கொட்டியது. அக்கா நின்றது எதிர்ப் பக்கம், காற்று அந்தப் பக்கம் போகவில்லை. இவன் துணியை அவிழ்த்ததால் மற்றவர்களைவிட அதிகமாகக் கொட்டியது, அவ்வளவுதான். அழுகை ஒரு பொட்டுகூட இல்லை. கதை நன்றாக வந்துகொண்டிருந்ததில் உள்ளுக்குள் அவனுக்குக் குஷியாகக்கூட இருந்தது.

சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? எண்பது டப்பாவும் பாதிப் பொட்டலம் வேர்க்கடலையும். அவளுக்காக அழுத ஒரு பையனை நாற்பது வருஷமாகத் துணையாக வைத்திருந்திருக்கிறாள். அவனைப் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று ரீலு தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்ளும்போதே, இதுவும் அவளுக்காக இல்லை என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் தந்த மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனமில்லை. வாயை மூடிக்கொண்டான்.

"கடைசி சீன மட்டும் இன்னொரு தடவ போடு."

போட்டான். படகு கிளம்பியது. அக்கா இந்தத் தடவை கரையைத் தேடவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் பார்த்தாள், கண் கொட்டாமல். முடிந்ததும், இன்னொரு தடவை என்றாள். போட்டான். மூன்றாவது தடவை அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் அவள் உதடும் கொஞ்சம் விலகியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "காத்து எப்படி அடிக்குது பாரு. முடியெல்லாம் பறக்குது."

ரீலு முழங்கையால் முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மரத்துப்போன விரல்களால் அவன் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"இப்ப எதுக்குடா அழுவுற? இனிமே நான் எங்க போகப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை அவன் பக்கம் தள்ளினாள். "தொடு."

ரீலு தொட்டான். படகு மறுபடியும் கிளம்பியது.